பிக்கப்புக்கு அடியில் பெரிய ஸ்டெப்னி: ராமநாதபுரம் கடற்கரை வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் மீன், கருவாடு, உப்பு, கரி மூட்டை ஏற்றுகிற பிக்கப்களில் பலவற்றில் இப்போது கம்பெனி டயர் இல்லை. ஒரு சைஸ் பெரிசாகப் போட்டுக்கொள்கிறார்கள். நாலு சக்கரமும் மாறிவிடுகிறது. ஐந்தாவதான ஸ்டெப்னிதான் தகராறு: வண்டிக்கு அடியில் அதைத் தூக்கிக் கட்டுகிற வின்ச்சில் ஏற மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அதையொட்டி வருகிற கேள்விகள் இவை.

நாலு டயரும் பெரிசு. ஸ்டெப்னி மட்டும் பழைய சைஸே கிடந்தால் என்ன கெட்டுப்போகும்?

ஓட்டத்தைப் பொறுத்தது. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம் என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிற வண்டியென்றால் பழைய சைஸ் போதும். பஞ்சர் கடை வரை நாற்பதில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம். ராத்திரி லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போகிற வண்டிக்கு அது சரிப்படாது.

காரணம் கிரவுனுக்குள், அதாவது பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கிற கூட்டுக்குள் இருக்கிறது. பின்பக்கம் ஒரு சக்கரம் பெரிசு, ஒன்று சிறிசு என்றால் சிறிசு வேகமாகச் சுற்றியாக வேண்டும். வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய பல்சக்கரங்கள் நேர்ரோட்டிலும் ஓயாமல் சுற்றும். கொஞ்ச தூரம் தாங்கும், நூறு இருநூறு கிலோமீட்டர் பாரத்தோடு ஓட்டினால் சூடேறித் தேயும். அதனால் பின் டயர் பஞ்சரானால் ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள்: முன்னால் இருக்கிற நல்ல டயரைப் பின்னுக்குக் கொண்டுபோய், சின்ன ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டும், அலுப்புத்தான். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிக்கு இது சரி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியென்றால், சின்ன டயர் கிடக்கிற வரைக்கும் ஃபோர்-வீல் போடவே கூடாது.

பெரிசு என்றால் எவ்வளவு பெரிசு? டயரில் எழுதியிருப்பதிலிருந்து எப்படிக் கணக்குப் போடுவது?

215/75 ஆர்15 என்று எழுதியிருந்தால், 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம். 15 என்பது ரிம்மின் அங்குலம். 215-இல் 75 சதவீதம் 161 சொச்சம். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், அதோடு 15 அங்குலத்துக்கு 381 மி.மீ. கூட்டினால் விட்டம் 703 மி.மீ. இதே கணக்கில் 235/75 ஆர்15-க்கு 733 வரும். மூன்று செ.மீ. வித்தியாசம்.

பொலிரோ பிக்கப்பில் சில வகைகளுக்கு 215/75 ஆர்15, கூடுதல் பாரம் ஏற்றுகிற வகைக்கு 7.00 ஆர்15 என்று கம்பெனியே கொடுக்கிறது. இந்த 7.00 டயர் முக்கால் மீட்டரை ஒட்டி நிற்கும். சின்ன வகையை வாங்கிவிட்டு அதில் 7.00 மாட்டுகிறவர்களுக்கு நாலைந்து செ.மீ. கூடிவிடுகிறது. இசுசு வி-கிராஸில் 245/70 ஆர்16 வந்த வண்டிகளுக்கு விட்டம் 749. அதில் 265/70 ஆர்16 போட்டால் 777, 265/75 போட்டால் 804.

கணக்கு இது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி, பட்டனுக்குப் பட்டன் (தரையைத் தொடுகிற ரப்பர் கட்டைகள்) கொஞ்சம் மாறும். வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே இஞ்சு டேப் வைத்து அளந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூன்று செ.மீ. தானே கூடுகிறது? அடியில் கை நுழைகிற அளவுக்கு இடம் இருக்கிறதே?

வெறும் வண்டியில் இருக்கிறது. எல்லோரும் பட்டறையில் காலி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு "தாராளமா ஏறும்" என்கிறார்கள். ஏறவும் செய்கிறது. ஐஸ் பெட்டி ஏற்றின பிறகுதான் தெரியும் சேதி.

முதலில், கம்பிக்கயிறோ செயினோ டயரின் நடுவில்தான் தூக்குகிறது. எனவே விட்டம் மூன்று செ.மீ. கூடினால் முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை என்று பிரிந்துவிடும். இது நல்ல சேதி. அகலம் அப்படியில்லை. டயரின் மேல்பக்கம் சேசிஸ் குறுக்குச்சட்டத்தில் முட்டி நிற்கிற வண்டியென்றால், 20 மி.மீ. அகலம் கூடினால் அந்த இருபதும் கீழேதான் தொங்கும்.

டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: முன்பக்கம் கிரவுன் ஹவுசிங், பின்பக்கம் கடைசிக் குறுக்குச்சட்டம், ஒரு ஓரம் சைலன்சர் குழாய், இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கின் பின்முனையை சேசிஸோடு சேர்க்கிற ஷாக்கிள், மேலே பின்விளக்கு வயரும் ஹேண்ட்பிரேக் கேபிளும். இதில் அதிகமாக நகருவது கிரவுன்தான். பாரம் ஏறினால் வண்டி இறங்குகிறது என்கிறோம், அடியிலிருந்து பார்த்தால் அச்சு மேலே ஏறுகிறது. ஏறுவதோடு நிற்பதில்லை. ஸ்பிரிங் பிளேட் நிமிர நிமிர நீளும். அதன் முன்கண் சேசிஸில் அசையாமல் மாட்டியிருப்பதால், நீளுகிற நீளமெல்லாம் பின்னால்தான் போக வேண்டும், ஷாக்கிள் அதற்காகத்தான் ஆடுகிறது. அதாவது பாரம் கூடக்கூட கிரவுன் மேலேயும் வருகிறது, ஸ்டெப்னியை நோக்கிப் பின்னாலும் வருகிறது. காலி வண்டியில் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கட்டினவருக்கு, லோடோடு ஒரு வேகத்தடையில் தடாலென்று விழும்போது ஹவுசிங் போய் டயரை இடிக்கும்.

எவ்வளவு ஏறும் என்பதை ஊகிக்க வேண்டாம். அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும், பம்ப் ஸ்டாப் என்பார்கள். அதற்கும் அச்சுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தால், அச்சு இன்னும் எவ்வளவு உயரும் என்பது தெரிந்துவிடும். ரப்பர் நசுங்குவதற்கு ஒரு விரல் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரவுன் அந்த உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்டெப்னியைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்டெப்னியைக் கட்டியபின், சுற்றுவட்டம் முழுக்கச் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, வழக்கமான லோடு ஏற்றி, வேகத்தடைகள் இருக்கிற தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். திரும்பி வந்து பார்த்தால் எங்கே சாக்பீஸ் அழிந்து கறுப்பு தெரிகிறதோ அங்கே உரசுகிறது. அழியாமல் இருந்தால் சரி.

காற்றை இறக்கிவிட்டு வின்ச்சில் ஏற்றி, அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

செய்கிறார்கள். பத்துப் பதினைந்து பி.எஸ்.ஐ.-க்கு இறக்கினால் பக்கச்சுவர் நெளிந்துகொடுக்கும், இடுக்கில் நுழைத்துவிடலாம். மேலே போனபின் காற்றடித்தால் டயர் விரிந்து சட்டத்தில் இறுகிக்கொள்ளும். ஆடாது, சத்தம் வராது, பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். அந்த இறுக்கமெல்லாம் வின்ச்சின் கம்பியில்தான் விழுகிறது. கழற்றும்போதும் முதலில் காற்றை இறக்க வேண்டும், அப்புறம் திரும்ப அடிக்க வேண்டும். வண்டியில் கம்ப்ரஸர் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அரிச்சல்முனையில் நின்றுகொண்டு காற்றில்லாத ஸ்டெப்னியை வைத்து என்ன செய்வது? ராமேஸ்வரத்துக்கு அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்.

காற்றிறக்கினால்தான் நுழைகிறது என்றால் அந்த டயர் அந்த இடத்துக்குப் பெரிசு. அவ்வளவுதான்.

ரிம்மின் முகம் மேலேயா, கீழேயா?

வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனி எப்படிக் கட்டியிருந்ததோ, கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரிம் ஒரு பக்கம் குழிவாக இருப்பதால் திருப்பிப் போட்டால் டயர் நிற்கிற உயரம் மாறும். சில வண்டிகளில் இதுவே இடப்பிரச்சினையைத் தீர்த்துவிடும், சிலவற்றில் உண்டாக்கும். எப்படிப் போட்டாலும், காற்றடிக்கிற வாய் கீழே கை எட்டும்படி இருந்தால் நல்லது. எட்டாவிட்டால் ஒரு நீட்டுக்குழாய் மாட்டிவிடுங்கள். எட்டாத வாய்க்கு மாதாமாதம் யாரும் காற்றுப் பார்ப்பதில்லை.

நாலும் அலாய். ஸ்டெப்னிக்கும் அலாய் வேண்டுமா?

வேண்டாம், இரும்பு ரிம்மே நல்லது. வின்ச்சின் அடித்தட்டு இரும்பு ரிம்மின் நடுத்துளைக்கென்று செய்தது, அலாயில் சரியாக உட்காராமல் நழுவலாம். போல்ட் எண்ணிக்கையும் வட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக நட்டைப் பாருங்கள்: சில அலாய்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட், இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட். வேறு வகை நட்டைப் போட்டு முறுக்கினால் அப்போதைக்கு இறுகினதுபோல இருக்கும், ஓட்டத்தில் தளரும். இரும்பு ரிம்முக்குரிய நட் ஒரு செட் டூல்ஸ் பையிலேயே கிடக்கட்டும்.

எல்லாம் சரியாக அளந்து கட்டினேன். ஒரு வருஷம் கழித்து இறக்கப் போனால் வின்ச் சுற்றவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இந்தக் கடற்கரையில் பெரிய டயரைவிடப் பெரிய பிரச்சினை இதுதான்.

மீன் ஏற்றுகிற பிக்கப்பின் பாடியைப் பாருங்கள். ஐஸ் உருகி, மீன் கழுவின தண்ணீரோடு சேர்ந்து பலகை இடுக்கு வழியாக ஒழுகிக்கொண்டே வரும். அது நேராக எங்கே சொட்டுகிறது? ஸ்டெப்னி மேல், அதற்கு நடுவில் இருக்கிற வின்ச் மேல். டயரின் மேற்குழி கிண்ணம்போல அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வின்ச்சுக்குள் இருக்கிற பல்சக்கரமும் கம்பிக்கயிறும் உப்பிலேயே ஊறும். கம்பிக்கயிற்றின் வெளிச்சுற்று பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இழை இழையாக இற்றுப்போயிருக்கும். பெரிய டயர் கனமும் கூட, இறுக்கமும் கூட. இற்ற கம்பியில் அதைத் தொங்கவிட்டு ராத்திரி இ.சி.ஆர். ரோட்டில் போனால், அறுந்து விழுகிற டயர் பின்னால் வருகிற பைக்குக்காரர் தலையெழுத்து.

மாதம் ஒரு தடவை ஸ்டெப்னியை முழுக்க இறக்குங்கள். கம்பியைத் துணியால் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். ஒரு இழை குத்தினாலும் கயிற்றை மாற்றிவிடுங்கள். வின்ச்சுக்குக் கிரீஸ் வையுங்கள், படகுக்கு வைக்கிற மெரின் கிரீஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, தண்ணீரில் கரையாது. ரிம்மில் துரு பூத்திருந்தால் கம்பி பிரஷ் போட்டு, பிரைமர் அடித்து, பெயின்ட் அடியுங்கள். டயர் உட்கார்கிற ஓரத்தில் துரு ஏறினால் டியூப்லெஸ் டயர் காற்று நிற்காது.

கழுவுகிற தண்ணீரையும் கவனியுங்கள். நம் பக்கம் பாதி போர்வெல்களில் உப்புத்தண்ணிதான். அதை வைத்து அடிப்பாகத்தைக் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. நல்ல தண்ணி ஒரு வாளி கிடைத்தால் பாடிக்கு வேண்டாம், வின்ச்சில் ஊற்றுங்கள். தண்ணீர் விலைக்கு வாங்குகிற ஊரில் இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சிலர் கழிவு ஆயிலை சேசிஸ் முழுக்க அடிக்கிறார்கள். இரும்புக்கு ஆகும், ரப்பருக்கு ஆகாது. ஆயில் பட்ட டயர் ஊதி மிருதுவாகும். அடித்தே தீருவேன் என்றால் ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிட்டு அடியுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், லோடும் குறையும். வின்ச்சைக் கழற்றிப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நட் முறுக்குகிற ஏர் கன் வைத்து வின்ச்சைச் சுற்றலாமா?

கூடாது. கையால் சுற்றத்தான் அது செய்திருக்கிறது. போதிய இறுக்கம் வந்ததும் பல வின்ச்களில் "டக் டக்" என்று நழுவுகிற சத்தம் கேட்கும், அதோடு நிறுத்த வேண்டும். கன் போட்டால் அந்தச் சத்தம் கேட்பதற்குள் பல் போய்விடும். முறுக்கி முடித்தபின் டயரைக் கையால் உலுக்கிப் பாருங்கள். ஒரு லோடு போய்வந்தபின் மறுபடி முறுக்குங்கள், புதிதாகக் கட்டினது கொஞ்சம் தளரத்தான் செய்யும். துணைக்கு ஒரு நைலான் பெல்ட்டோ செயினோ போட்டு சட்டத்தோடு கட்டிவைப்பது நல்ல பழக்கம்.

சைலன்சர் பக்கத்தில் வந்துவிட்டது. பரவாயில்லையா?

இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும். அதுவும் இல்லையென்றால் குழாயின் வால்பகுதியை சைலன்சர் கடையில் கொடுத்து வளைத்துவிடலாம், நடுவில் ஒரு தகடும் வைக்கலாம். சூட்டில் வெந்த ரப்பர் வெளியே தெரியாமல் வெடிப்பு விடும்.

குறுக்குச்சட்டத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் தாராளமாக உட்காருமே?

வெட்டாதீர்கள். சேசிஸில் வெட்டும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். வெல்டிங் பட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் பின்னால் விரிசல் விடும், உப்புக் காற்றில் அந்த விரிசல் சீக்கிரம் வேலையைக் காட்டும். வின்ச் ஒரு தனிப் பிராக்கெட்டில் போல்ட் போட்டு நிற்கிற வண்டியென்றால், லேத் பட்டறையில் வேறு பிராக்கெட் செய்து ஒன்றிரண்டு செ.மீ. பின்னால் நகர்த்தலாம். ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போனால் பிரச்சினை வருமா?

வரலாம். சரக்கு வண்டியின் ஆர்.சி.யில் டயரின் எண்ணிக்கையும் சைஸும் பதிவாகியிருக்கும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-ஆவது பிரிவு. பிரேக் இன்ஸ்பெக்டர் நாலு டயரைத்தான் முதலில் பார்ப்பார், ஸ்டெப்னி அப்புறம். புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு விட்டுவிடுவார்கள், எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருஷாவருஷம் போயாக வேண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைக் கேட்பார்கள். அதே வண்டியின் வேறு வகைக்குக் கம்பெனியே கொடுக்கிற சைஸுக்குள் நிற்பது என் கணக்கில் புத்திசாலித்தனம்.

டயர் பெரிசானால் பாரம் கூட ஏற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு: கூடாது. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை டயரோடு சேர்ந்து வளராது.

ஸ்டெப்னியே வேண்டாமென்று சட்டம் வந்துவிட்டதாமே?

அது பயணிகள் வண்டிக்கு, 2020-இல் வந்த திருத்தம். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டுகிற கருவி, பஞ்சர் ஒட்டுகிற கிட் மூன்றும் இருந்தால் விலக்கு. சரக்கு பிக்கப்புக்கு அது பொருந்தாது. பொருந்தினாலும் இந்த ஜில்லாவில் நான் நம்ப மாட்டேன். கரி மூட்டம் போடுகிற காட்டுக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள், சீமைக்கருவேல முள் பட்டனில் குத்தினால் கிட் ஒட்டும், பக்கச்சுவரில் குத்தினால் எந்தக் கிட்டும் ஒட்டாது.

எப்படியும் ஏறாது என்று தெரிந்துவிட்டது. வேறு வழி?

அகலம் குறைந்து உயரம் அதே அளவு இருக்கிற டயர் ஒன்று வழி. 265/75 ஆர்16-க்கு 804 மி.மீ. என்றேன், 235/85 ஆர்16-க்கு 806. உயரம் ஏறக்குறைய ஒன்று, அகலம் மூன்று செ.மீ. குறைவு. கடைகளில் எளிதாகக் கிடைக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டும். டயர் தாங்குகிற எடையைக் காட்டுகிற லோடு இண்டெக்ஸ் எண் மற்ற டயர்களுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அதே பெரிய சைஸில் பட்டன் பாதி தேய்ந்த டயர். ஒரு பக்கம் நாலு மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் எட்டு மி.மீ. குறையும். இடிக்கிற இடம் அந்த எட்டுதான் என்றால் வேலை முடிந்தது. ஆனால் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. ரொம்பப் பழசை ஸ்டெப்னியாக வைக்க வேண்டாம்.

இரண்டும் முடியாதென்றால் பாடிக்குள், கேபின் முதுகையொட்டி நிமிர்த்தி ஸ்டாண்ட் அடித்துவிடுங்கள். ஒரு ஐஸ் பெட்டி இடம் போகும், அதுதான் நஷ்டம். கேபின் கூரைமேல் போடாதீர்கள். ரிம்மோடு முப்பது கிலோவுக்கு மேல் வரும் சாமானை ராத்திரி ஒற்றை ஆளாக யார் இறக்குவது?

மணலில் பஞ்சர். ஸ்டெப்னி இறங்கிவிட்டது, வெளியே இழுக்க முடியவில்லை. என்ன செய்வது?

பின் டயர் காற்றில்லாமல் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் இறங்கிவிடும். அகலமான ஸ்டெப்னி படுத்தவாக்கில் பம்பருக்கு அடியில் வர இடம் போதாது, அதுவும் பட்டறையில் அடித்த தாழ்வான இரும்புப் பம்பர் என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் ஜாக்கி, அப்புறம் ஸ்டெப்னி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஜாக்கிக்கு அடியில் அகலப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி மணலுக்குள் இறங்கும். பெரிய டயருக்கு ஜாக்கி உயரமும் பற்றாது, அதற்காக ஜாக்கிக்கு மேலே கட்டை வைக்காமல், பலகைக்கு அடியில் இன்னொரு பலகை போடுங்கள். ஜாக்கி தலையில் கட்டை வைத்தால் நழுவும். மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு, டயர் இறங்கும்போது அடியில் கால் நீட்டாமல் இருங்கள்.

வலை இறக்குகிற இடத்துக்கு ரிவர்ஸில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தாழத் தொங்குகிற ஸ்டெப்னிதான் மணல்மேட்டில் முதலில் குத்தும். அப்படித் தினம் போகிற வண்டிக்குப் பெரிய ஸ்டெப்னியை அடியில் கட்டவே கூடாது, பாடிக்குள்தான்.

ராத்திரி நிறுத்தினால் ஸ்டெப்னியைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்களே?

செயின் போட்டுப் பூட்டுங்கள், பித்தளைப் பூட்டாக வாங்குங்கள். இரும்புப் பூட்டு இங்கே ஒரு மழைக்காலம் தாண்டாது, அப்புறம் திருடனுக்கும் திறக்காது, உங்களுக்கும் திறக்காது. சாவித்துளை கீழ்ப்பார்த்து இருக்கட்டும்.

கழற்றின பழைய கம்பெனி டயர்களை என்ன செய்ய?

நல்லதாக ஒன்றை ரிம்மோடு வீட்டில் வையுங்கள், வின்ச் மாற்றுகிற வரைக்கும் ஆகும். மற்றதைத் தேய்மானம் பார்த்து டயர் கடைக்காரரே எடுத்துக்கொள்வார். மொட்டையாகிப்போனதென்றால் மண்டபம், பாம்பன் பக்கம் படகுக்காரர்கள் விலாவில் கட்டத் தேடிக்கொண்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.